கற்பூரத்தை அணைத்தால் வழக்கு முடியுமா?

வாசகர் கேள்வி: ஐயா, வணக்கம். சிங்கப்பூர் செங்காங்கில் இருக்கிறேன், வயது 43. அம்மா போன வருடம் தவறிவிட்டார். அவருடைய நகை ஏறக்குறைய 14 பவுன் யாரிடம் இருக்கிறது என்று எனக்கும் அண்ணனுக்கும் தகராறு. அம்மா என்னிடம் கொடுத்தது இரண்டு வளையல் மட்டும்தான். வழக்கறிஞர் பிரமாணப் பத்திரம் தயாரித்திருக்கிறார், அடுத்த வாரம் கையெழுத்து. நான் இந்து என்பதால் சத்தியம் என்று போடாமல் 'உறுதி கூறுகிறேன்' என்று போட்டிருக்கிறாராம். அண்ணன் அதைக் கேட்டுச் சிரிக்கிறார். "சாமி பேரே இல்லாத சத்தியம் என்ன சத்தியம்? தைரியம் இருந்தா தேக்காவுக்கு வா, காளியம்மன் முன்னால கற்பூரத்தை அணைச்சுச் சொல்லு" என்கிறார். என் கணவர் கிறிஸ்தவர். சத்தியம் என்ற பேச்சே கூடாது என்கிறார். இதற்கு நடுவே நானே கோபத்தில், "இனி உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன், என் மகன் மேல சத்தியம்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மகன் அடுத்த மாதம் தேசிய சேவைக்குப் போகிறான். அம்மாவின் தலைத்திவசம் அண்ணன் வீட்டில். எனக்குத் தூக்கமே இல்லை. கூட வேலை செய்யும் மலாய்த் தோழி, பத்துப் பேருக்குச் சாப்பாடு போட்டால் சரியாகிவிடும் என்கிறாள். நான் என்ன செய்ய?

பதில்:

வணக்கம்மா. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் வழக்கறிஞர் இல்லை. இருபத்தெட்டு வருடம் இங்கே நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். நகை யாருக்குச் சேரும், வழக்கு எப்படிப் போகும் என்பதெல்லாம் உங்கள் வழக்கறிஞர் சொல்ல வேண்டியது. ஆனால் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் "நான் சொல்லப்போவது உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை" என்று சொல்லிக் கொடுத்துச் சொல்ல வைத்தவன் என்பதால் சத்தியத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

கையெழுத்து அடுத்த வாரம் என்கிறீர்கள், அதனால் அதையே முதலில் பார்ப்போம். 'உறுதி கூறுகிறேன்' என்பது சத்தியத்துக்கு ஒரு மாற்றுக் குறைவானதில்லை. சிங்கப்பூர்ச் சட்டத்திலேயே இந்து, முஸ்லிம் என்று பெயர் சொல்லி, இவர்கள் சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதிமொழி எடுப்பார்கள் என்றிருக்கிறது. சத்தியம் செய்ய மனம் ஒப்பாத மற்றவர்களுக்கும் அதே வழி. இரண்டுக்கும் எடை ஒன்றுதான். பொய் சொன்னால் தண்டனையும் ஒன்றுதான், நீதிமன்ற நடவடிக்கையில் தெரிந்தே பொய்ச் சாட்சியம் சொன்னால் 7 ஆண்டு வரை சிறை, பிரமாணப் பத்திரமும் அதில் அடங்கும். அந்த 7 ஆண்டு, பைபிளைத் தொட்டீர்களா கையைச் சும்மா வைத்திருந்தீர்களா என்று பார்ப்பதில்லை. இன்னொரு வேடிக்கை, ஆங்கிலத்தில் சத்தியம் (oath), உறுதி (affirmation) என்று இரண்டு சொல்லையும் கவனமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், நாம் தமிழில் இரண்டுக்கும் சேர்த்துப் 'பிரமாணப் பத்திரம்' என்றே சொல்கிறோம். பெயரிலேயே சத்தியம் இருக்கிறது, அண்ணனுக்கு அதுவும் போதவில்லை.

நீங்கள் கையெழுத்துப் போடுவது உங்கள் வழக்கறிஞர் முன்னால் இல்லை, 'கமிஷனர் ஃபார் ஓத்ஸ்' என்ற நியமனம் உள்ள வேறொரு வழக்கறிஞர் முன்னால். அவர் உங்கள் முகத்தைப் பார்த்து, இதில் இருப்பது உண்மைதானா என்று கேட்பார். பல பேர் அதை ஒரு சடங்கு மாதிரி தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஆங்கிலத்தில் புரியாத வரி ஒன்று இருந்தால்கூட நிறுத்தி, தமிழில் சொல்லச் சொல்லுங்கள், கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. 'இரண்டு வளையல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சில வளையல்கள்' என்று இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கற்பூரத்தைவிட அந்த ஒரு சொல் உங்களுக்கு முக்கியம்.

இந்த உறுதிமொழி எப்படி வந்தது என்று தெரிந்தால் அண்ணனுக்குச் சிரிப்பு வராது. இங்கிலாந்தில் குவேக்கர் என்று ஒரு கிறிஸ்தவக் கூட்டம். "சத்தியம் பண்ணவே வேண்டாம், உள்ளதை உள்ளதென்று சொல், இல்லாததை இல்லாததென்று சொல்" என்று இயேசு சொன்னதை (மத்தேயு 5ஆம் அதிகாரம்) அப்படியே பிடித்துக்கொண்டவர்கள். நீதிமன்றத்தில் சத்தியம் செய்யமாட்டோம் என்று சொல்லி ஜெயிலுக்குப் போனார்கள். ஒரு நாள் உண்மை பேசச் சத்தியம் வேண்டும் என்றால் மற்ற நாள் பேசுவது என்ன, பொய்யா என்பது அவர்கள் கேள்வி. கடைசியில் 1690களில் சட்டமே இறங்கி வந்து, சரி, நீங்கள் உறுதி மட்டும் கூறுங்கள் என்றது. கடவுளே இல்லை என்பவர்களுக்கு அந்த வழி முழுதாகத் திறக்க 1888 ஆனது, பிராட்லா என்ற நாத்திகர் தேர்தலில் ஜெயித்தும் இந்தச் சத்தியச் சிக்கலால் நாடாளுமன்ற இருக்கைக்காக ஏறக்குறைய ஆறு வருடம் போராடிய பிறகு.

நம்ம ஆட்கள் கதை வேறு. கல்கத்தாவில் இந்துச் சாட்சிகள் பிராமணர் ஒருவரின் காலைத் தொட்டுச் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலத்தை ஏற்கலாமா என்று லண்டனில் பெரிய வாதமே நடந்தது, 1744இல். அவரவர் நம்பும் கடவுள் மேல் அவரவர் முறைப்படி செய்தால் செல்லும் என்று தீர்ப்பு. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்த வழி இந்திய நீதிமன்றங்களில் எங்கே போய் முடிந்ததென்றால், இந்துவா, கங்கை நீரைக் கொண்டுவா, முஸ்லிமா, குர்ஆனைக் கொண்டுவா என்று கட்டாயப்படுத்துவதில். உண்மையைச் சொல்ல வந்தவரே, கங்கையைத் தொட்டுச் சொல்ல மாட்டேன், அது பாவம் என்று பின்வாங்கினார். அதனால் நீதி கெடுகிறது, மனசாட்சிக்கும் ஒவ்வவில்லை என்று காரணம் சொல்லியே 1840இல் சட்டம் போட்டு, இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் உறுதிமொழி போதும் என்றார்கள். அப்போது சிங்கப்பூரும் கல்கத்தா ஆட்சியின் கீழ்தான், 1867 வரை. ஆக, உங்கள் பத்திரத்தில் அந்தச் சொல் வந்ததற்குக் காரணம் சாமிக்கு மரியாதை இல்லாதது இல்லை. சாமிக்குப் பயந்து கையை எடுத்துக்கொண்டவர்களால் வந்தது.

உங்கள் மகன் பள்ளிக்கூடத்தில் வருடக்கணக்காகக் காலையில் நெஞ்சில் கை வைத்துச் சொன்ன தேசியப் பற்றுறுதியில்கூடச் சாமி பெயர் கிடையாது. யாழ்ப்பாணத்தில் பிறந்த நம்ம அமைச்சர் ராஜரத்தினம் 1966இல் எழுதியது. அதை வெறும் வாய்ப்பேச்சு என்று அண்ணன் சொல்வாரா?

கூண்டில் நான் பார்த்ததையும் சொல்கிறேன். ஒரு பெரியவர், கட்டடத் தொழிலாளி, உறுதிமொழி சொல்வதற்கு முன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார். யாரும் சொல்லவில்லை. ஒரு அம்மா நான் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்ல, தாலியைப் பிடித்துக்கொண்டே திருப்பிச் சொன்னார். ஒருவர் சுவரில் சாமி படம் எங்கே என்று தேடினார், சிங்கச் சின்னம்தான் இருந்தது, சரி என்று அதையே பார்த்துக்கொண்டு சொன்னார். இவர்களெல்லாம் உண்மை சொன்னார்கள் என்று நினைக்கிறீர்களா? செருப்பைக் கழற்றியவர் சொன்னது பொய் என்று மறுநாளே தெரிந்துபோனது. அவசர அவசரமாகக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்த பையன் சொன்னது கடைசிவரை நின்றது. அதற்கு அப்புறம் நான் யார் கையையும் பார்த்து எதையும் முடிவு செய்வதில்லை.

இனி தேக்காவுக்கு வருவோம். போக வேண்டாம் என்பது என் கருத்து. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் கற்பூரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. உள்ளங்கையால் எரிகிற கற்பூரத்தை அமர்த்துகிற அந்த ஒரு நொடியின் பயம் எனக்குத் தெரியும், நானும் அம்மன் கோயில் வாசலில் வளர்ந்தவன்தான். எல்லா ஊரிலும் இப்படி ஒன்று உண்டு. இங்கே அந்தக் காலத்துச் சீனர்கள் கோயிலில் சேவலின் தலையை வெட்டிச் சத்தியம் செய்வார்கள், நான் பொய் சொன்னால் எனக்கும் இதே கதி என்று. எனக்கு மூத்த ஹொக்கியன் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதைச் சொல்லும்போது கையாலேயே கழுத்தை வெட்டிக் காட்டுவார், சாப்பிடுகிற நேரத்தில்.

ஆனால் அண்ணன் கேட்பது என்ன? அவருக்கு உண்மை தெரிய வேண்டும் என்பதா? நீங்கள் கற்பூரத்தை அணைத்துவிட்டால், "தங்கச்சி, நான் தப்பாக நினைத்துவிட்டேன்" என்று சொல்லிவிடுவாரா? சொல்ல மாட்டார் என்று நீங்களே அறிவீர்கள். அணைக்காவிட்டால் திருடி, அணைத்தால் சாமிக்கே பயப்படாத திருடி.

என் குடும்பத்திலேயே நடந்தது. அப்பாவின் சித்தப்பா வீட்டில் ஒரு நிலத் தகராறு, ஊரில். இரண்டு பக்கமும் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் அணைத்தார்கள். அதோடு முடிந்ததா? அன்றிலிருந்துதான் ஆரம்பித்தது. இந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வீட்டில், பார்த்தியா என்பார்கள். அந்த வீட்டு மாடு செத்தால் இந்த வீட்டில் பார்த்தியா. பதினெட்டு வருடம் கழித்து ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப் போனதற்கும் அந்தக் கற்பூரம்தான் காரணம். நீதிமன்ற வழக்குக்காவது ஒரு தீர்ப்புத் தேதி இருக்கிறது, மேல்முறையீடு முடிந்தால் முடிந்தது. கோயில் சத்தியத்துக்குக் காய்ச்சல், தடுமல், பரீட்சையில் குறைந்த மதிப்பெண் எல்லாமே புதுச் சாட்சி. உங்கள் மகன் ராணுவப் பயிற்சிக்குப் போகிறான், முட்டி தேயும், கால் சுளுக்கும், எல்லாப் பிள்ளைக்கும் நடக்கிறதுதான். அதையெல்லாம் அண்ணி கணக்கில் எழுத விடப்போகிறீர்களா?

இந்தியாவில் ஒரு காலத்தில் இதைச் சட்டத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள். 1873 சட்டத்தின்படி, எதிராளி இன்ன கோயிலில் இன்ன மாதிரி சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டால், அந்தச் சத்தியத்தோடு விஷயம் முடிந்தது, அதற்கு மேல் சாட்சி கிடையாது. 1969இல் புதுச் சட்டம் வந்தபோது அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். கவனியுங்கள், அதிலும்கூடக் கேட்பவர் முதலில் கட்டுப்பட வேண்டும். அண்ணன் கட்டுப்படுகிறேன் என்று எழுதித் தருவாரா என்று கேட்டுப் பாருங்களேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன், கேட்டுவிடாதீர்கள்.

சுந்தரர் கதை தெரியும்தானே? திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கட்டிக்கொள்ளும்போது 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று சத்தியம் செய்ய வேண்டும். சுந்தரர் என்ன செய்தார், ஒரு கெட்டிக்கார வக்கீல் மாதிரி, நான் சன்னதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே பேசி வைத்தார். சிவன் அந்தப் பக்கம் போய், மகிழமரத்தடியில் சத்தியம் கேள் என்று சங்கிலியாருக்குச் சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்டார். பிறகு திருவாரூர் ஞாபகம் வந்து ஊர் எல்லையைத் தாண்டினார், கண் இரண்டும் போயிற்று. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. தோழனுடைய சத்தியத்திலேயே சாமி இப்படிக் கறாராக இருந்தது என்றால், ஒருவர் வாயை அடைப்பதற்காக அம்மனைச் சாட்சிக்கு இழுப்பது என்ன மரியாதை என்று கேட்கிறேன்.

அண்ணனிடம் வாதம் வேண்டாம். "அண்ணே, நான் சொல்ல வேண்டியதை எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு, பொய்யாக இருந்தா ஜெயிலுக்குப் போறது நான்தான். கோயிலுக்கு அம்மா பேர்ல அர்ச்சனை பண்ணக் கூப்பிடு, வர்றேன்" என்று ஒரே தடவை சொல்லுங்கள். திரும்பக் கேட்டால் வழக்கறிஞரிடம் பேசச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவர் நம்பிக்கையின் பிரகாரம். எல்லாக் கிறிஸ்தவர்களும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை, பைபிளில் கை வைத்துக் கூண்டில் சத்தியம் செய்த கத்தோலிக்கர், மெதடிஸ்ட் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பத்திரத்தில் நீங்கள் சத்தியம் செய்யவில்லை, உறுதிதான் கூறுகிறீர்கள் என்று அவருக்குக் காட்டுங்கள். அவர் கேட்பதுதான் அங்கே நடக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் வீட்டுக்குள் சண்டை தேவையில்லை.

சரி, தூக்கம் போன விஷயம். மகன் மேல் செய்த சத்தியம்.

நம்ம பழக்கத்தில் இது மிகப் பழையது, மிகக் கொடுமையானதும்கூட. தப்பு நான் செய்வேன், அடி என் பிள்ளைக்கு விழட்டும் என்கிற ஏற்பாடு. திருநீலகண்டர் கதையில் சிவனடியார் வேடத்தில் வந்த சிவன், தான் கொடுத்து வைத்த திருவோட்டைத் திருடவில்லை என்றால் உன் மகன் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றுதான் முதலில் கேட்கிறார். மகன் இல்லை என்றதும் மனைவி கையைப் பிடி என்கிறார். அவரால் அதுவும் முடியாது, ஏனென்றால் வருடக்கணக்குக்கு முன் கோபத்தில் அந்த மனைவி, "எம்மைத் தொட்டால் திருநீலகண்டத்தின் மேல் ஆணை" என்றிருந்தார். 'என்னை' என்று சொல்லாமல் 'எம்மை' என்று சொன்னதால், எந்தப் பெண்ணையும் தொடுவதில்லை என்று அவர் இருந்துவிட்டார். ஒரு எழுத்துக்காக ஒரு இளமையே போயிற்று. கடைசியில் மூங்கில் கழியின் இரு முனையை இருவரும் பிடித்துக்கொண்டு மூழ்கினார்கள் என்று கதை. எனக்கு அந்தக் கழி ரொம்பப் பிடிக்கும். ஆணையையும் மீறவில்லை, கூடவும் இருந்தார்கள்.

உங்கள் தோழி சொன்ன பத்துப் பேர் சாப்பாடு அவர் மார்க்கத்தில் உள்ளதுதான். முறித்த சத்தியத்துக்குப் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்கு உணவு அல்லது உடை, முடியாவிட்டால் மூன்று நாள் நோன்பு என்று குர்ஆனில் (5:89) இருக்கிறது. ஆனால் அவர் சொல்ல விட்டது ஒன்று, உங்களுக்கு வேண்டியதே அதுதான். அங்கே அல்லாஹ்வைத் தவிர வேறு யார் மேலும், அப்பா மேலோ பிள்ளை மேலோ, சத்தியம் செய்யவே கூடாது. நபித்தோழர் உமர் தன் தகப்பன் மேல் ஆணையிட்டதைக் கேட்டு நபிகள் தடுத்திருக்கிறார். அப்புறம், நல்லது செய்வதற்கும் மனிதர்களுக்குள் இணக்கம் உண்டாக்குவதற்கும் உங்கள் சத்தியத்தைக் குறுக்கே போடாதீர்கள் என்றும் வசனம் உண்டு. இன்னொரு நபித்தோழர் அபூபக்கர் தன் மகளைப் பற்றிய அவதூறில் சேர்ந்துகொண்ட உறவினருக்கு இனி ஒன்றும் கொடுக்கமாட்டேன் என்று ஆணையிட்டபோது, அப்படி ஆணையிட வேண்டாம், மன்னியுங்கள் என்று வசனம் இறங்கியது, அவரும் பழையபடி கொடுக்க ஆரம்பித்தார். உங்கள் கதையேதான். யூதர்களிடமும் இது உண்டு, மூன்று பேரை உட்கார வைத்து, இந்த நேர்ச்சையைத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லி அவிழ்த்துக்கொள்வார்கள். உங்கள் கணவரைக் கேளுங்கள், மகளையே பலி கொடுக்கும்படி ஆகிப்போன, பைபிளில் வரும் யெப்தாவின் பொருத்தனையை (நேர்ச்சையை)ப் பற்றிச் சொல்வார். வாய் தவறி விழுந்த சத்தியத்தில் பிள்ளை சாக வேண்டும் என்று யாரும் அந்தக் கதையைப் படிப்பதில்லை, அப்படி வாய் விடாதே என்றுதான் படிக்கிறார்கள்.

அதனால் உங்களுக்கு என் யோசனை. தோழியின் பரிகாரத்தை மருந்துச்சீட்டு மாதிரி கடன் வாங்க வேண்டியதில்லை, சாப்பாடு போடுவது நமக்கும் நல்லதுதான், அம்மா பெயரில் கோயில் அன்னதானத்துக்குக் கொடுங்கள். அர்ச்சகரிடம் விஷயத்தைச் சொல்லி, கோபத்தில் சொல்லிவிட்டேன், திரும்பப் பெறுகிறேன் என்று அம்மன் முன்னால் சொல்லிவிட்டு வாருங்கள். நீங்கள் நம்புகிறவர் என்பதால் இது வேண்டும், வெறும் மனோதத்துவம் பேசி உங்களைத் தூங்கவைக்க முடியாது. ஆனால் அதற்கு முன்னால் மகனை உட்கார வைத்து, "உன் மேல சத்தியம் பண்ணிட்டேன்யா, தப்பு, உன்னைக் கேக்காம உன்னை அடகு வெச்சுட்டேன்" என்று சொல்லுங்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன், ஒருவேளை சிரிப்பான். சிரிக்கட்டும். அவன் முகாமுக்குப் போன பிறகு யாரோ ஒரு சொந்தக்காரர் வாயிலிருந்து இதைக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

திவசத்துக்குப் போங்கள். அம்மாவுடைய முதல் வருடம். வளையல் இரண்டையும் கையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், வழக்கறிஞரைக் கேட்காமல் அதை யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம், படம் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், ஆட்கள் வருவதற்கு முன்னால். வாசப்படியில் ஒரு நொடி கால் தயங்கும், தயங்கட்டும், பிறகு உள்ளே போய் அண்ணியிடம் வாழைக்காய் எங்கே, அரிவாள்மனை எங்கே என்று கேளுங்கள்.